ஊதிவிட்ட கன்னம்

துணியைக் கோணிப்பையில் தேய்ப்பது போல "சரக் சரக்" என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். என் தங்கை கோகிலா விழித்துக்கொண்டாள் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்தே அவளுக்குக் கரப்பான். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து வெடித்து நீர் கசியும். நகம் பட்டுக் கிழித்துக்கொள்ளக் கூடாதென்று அப்பாவின் பழைய லுங்கியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து அவள் கைகளில் அம்மா மாட்டியிருந்தாள். அந்தப் பையோடேயே அவள் கன்னத்தைத் தேய்ப்பாள். ஒன்றரை வயதில் போய்விட்டாள். அவள் ஏன் போனாள் என்ற பேச்சில் பழி என் அம்மாவின் தலையில் விழுந்து, இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. அந்தப் பழியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

துடியலூரில் லேத் பட்டறைக்குப் பின்னால் எங்கள் ஓட்டு வீடு. அப்பா அந்தப் பட்டறையில்தான் வேலை செய்தார். எங்கள் வீதியில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். "அரப்புப் போட்டு நல்லாத் தேச்சு ஊத்துங்க அம்மணி, அழுக்கு எறங்குனா அரிப்பு எறங்கீரும்" என்றார் ஒருவர். எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்கிற அந்த இலைப்பொடியை வெடித்த தோலில் தேய்த்தபோது கோகிலா போட்ட அலறலில், அக்கம்பக்கத்தார் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். சொன்னவரும் அவர்களோடு வந்து நின்று, "பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றார்.

என் வைத்தியம் ஊதிவிடுவது. மூன்றாம் வகுப்புப் பையைத் திண்டில் எறிந்துவிட்டு நான் உட்கார்ந்ததும் தத்தித் தத்தி வந்து, "ஊ" என்று ஒரு கன்னத்தைக் காட்டுவாள். ஊதுவேன். அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கிச் சிரிப்பாள். சிரிக்கிறவளை முத்தமிடாமல் எப்படி விடுவது? பிறகு மறு கன்னம் திரும்பும்.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, திருவிழா தொடங்கச் சாட்டு போட்ட சமயம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம். பள்ளிக்கூடத்தில் "அம்மணி ஒதட்டப் பல்லி நக்கிப்போட்டுது" என்று பாட்டாகவே பாடினார்கள். கோடை வந்தால் எனக்கு வந்து போகிற கொப்புளம்தான் அது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோகிலாவும் எப்போதும் போலக் கன்னத்தைக் காட்டினாள், நானும் எப்போதும் போல ஊதி முத்தமிட்டேன்.

ஒரு வாரத்தில் அவளுடைய இடது கன்னத்தில் கம்பு மணி அளவுக்குக் கொப்புளங்கள் எழும்பின, ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி. இரண்டே நாளில், கரப்பான் இருந்த இடமெல்லாம் பரவி, உடம்பு கொதித்தது. சாட்டு நேரம் வேறு. அம்மை என்று முடிவுகட்டி, "அம்மா வந்துட்டா" என்று வீதியே சொல்லிவிட்டது. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்புக் கிடையாது. சாட்டு போட்ட நாளிலிருந்தே எண்ணெயில் கடுகு வெடித்தால் அம்மனுக்கு ஆகாது. நாங்கள் களியும் மோரும் சாப்பிட்டோம். டாக்டரிடம் தூக்கிப் போகலாமா என்று கேட்ட அப்பாவை, உதவிக்கு வந்திருந்த அவருடைய அக்கா, என் அத்தை, நிறுத்தினாள். ஊசி போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள், அம்மை இறங்க மூன்று தண்ணீர் ஊற்றி முடியட்டும் என்றாள்.

ஐந்தாம் நாள் நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தபோது அந்தச் "சரக் சரக்" இல்லை. சொறிவதை நிறுத்திவிட்டாள், சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக ஓடிக் குனிந்து ஊதினேன். கன்னத்தைத் திருப்பவில்லை. அப்பா யாரையும் கேட்காமல் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கோவைக்குப் பஸ் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டார்களாம். இரண்டாம் நாள் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது அத்தை ஆரம்பித்தாள். "அம்மா சும்மா கொண்டுபோவாளா? இந்த ஊட்டுல என்னமோ தப்பு நடந்திருக்கோணும்." அவள் பார்வை ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தது. என் உதட்டில் பொருக்கு உதிர்ந்த சிவப்பு இன்னும் இருந்தது.

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். "நாந்தானுங்க அண்ணி. அம்மணி வாய் கசக்குதுன்னுச்சு. சாட்டு போட்டதுக்கப்பறம் ஒரு நாள் ரசத்தத் தாளிச்சுப்போட்டேன்."

அதன் பிறகு ஒரு கல்யாணம் காதுகுத்து விடாமல், "இவ தாளிச்ச தாளிப்புல ஒரு புள்ளையே போச்சு" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ரொம்ப நாள் அம்மாவிடம் நேராகப் பேசவில்லை. "உங்கம்மாளச் சோறு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அம்மா ஒவ்வொரு பங்குனியும் அம்மனுக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்தாள். நெருப்புச் சட்டியை ஏந்தி ஏந்தி உள்ளங்கை காய்த்துப்போயிற்று. எனக்கோ அந்த மாதத்தில் ரசம் மணத்ததாக ஞாபகமே இல்லை. காய்ச்சலில் கிடந்திருப்பேன், என் வாய்க் கசப்புக்காகத்தானே தாளித்தாள் என்று நினைத்து நினைத்து நானும் வளர்ந்தேன்.

எனக்குப் பையன் பிறந்து அவனுக்கும் கரப்பான் வந்தபோது, தோல் டாக்டரம்மா ஒருவரிடம் தூக்கிப் போனேன். அவர் பொறுமையாகப் பேசுகிறவர். நம் தோல் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே சுரந்துகொள்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புரதங்கள், மேலே வந்து உட்காருகிற வைரஸின் உறையையே கிழித்துப்போடுமாம். கரப்பான் கண்ட தோலில் அது போதிய அளவு சுரப்பதில்லை, தோலும் வெடித்துக் கிடக்கிறது, தேய்த்துக் குளிப்பாட்டினால் இருக்கிற காப்பும் போய்விடும் என்றார். பிறகு மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார். "ஊட்ல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா ஒதட்டுல கொப்புளம் வருமாங்க? வந்தா பையனுக்கு முத்தங்கித்தம் குடுத்தர வேண்டாம். உங்களுக்கு எட்டு நாள்ல உதிர்ந்துபோறது, இவனுக்கு ஒடம்பெல்லாம் பரவீரும். பாக்கறதுக்கு அம்மையாட்டவே இருக்கும். ஒடனே வந்தா மருந்து இருக்குதுங்க."

என் கை தானாக உதட்டுக்குப் போனது.

அன்றே துடியலூருக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அத்தையும் அதற்குள் அந்தத் தாளிப்பை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்திருந்தார்கள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொல்லி, "நாந்தாம்மா குடுத்தேன்" என்று அழுதேன். அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியுங் கண்ணு" என்றாள். "நீ முத்தங் குடுத்த எடத்துலதான் மொதல்ல வந்துச்சு. ஒன்ற ஒதட்டுல இருந்த அதே கொப்புளம். எனக்குப் படிப்பு இல்ல, கண்ணு இருந்துச்சல்ல."

"அப்ப தாளிச்சேன்னு ஏம்மா சொன்னே?"

"உங்கத்தை ஒன்ற மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா. எட்டு வயசுப் புள்ள அதத் தூக்கிட்டு எங்க போகும்?" காய்ச் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, "இத யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி" என்றாள்.

அம்மா போய் இரண்டு பங்குனி ஆகிறது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி நிற்கிறது. இப்போது கரப்பான் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் குறைந்து, களிம்பு தடவுகிறார்கள். உதட்டில் கொப்புளத்தோடு அப்படிப்பட்ட பிள்ளையைக் கொஞ்சப் போகிறவர்களைக் கண்டால் நானே குறுக்கே போய் நின்று திட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அம்மாவைப் பழித்தவர்களில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. சொல்லாதே என்று அவள் கேட்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பங்குனியில் என் அம்மா தாளிக்கவில்லை.