நாலு டயரிலும் ஒரே காற்று

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் வீதியில், எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் இடத்தில் நுஃமானின் டயர்க் கடை இருந்தது. தகரக் கூரை, டயர் கழற்றும் மெசின் ஒன்று, காற்றுப் பம்ப் ஒன்று, ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டி ஒன்று. கத்தாரில் பெரிய டயர்க் கடையொன்றில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கிய பிறகு வந்து போட்ட கடை அது. ஊரை விட்டுப் போகும்போது அவன் பத்து வயதுப் பிள்ளை. புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் வளர்ந்தவன். அதனால் திரும்பி வந்தபோது அவனை யாரென்று பலருக்குத் தெரியவில்லை. "முஹைதீன்ட தம்பி" என்றால்தான் முகம் மலர்ந்தார்கள்.

முஹைதீன் வீட்டில் முதற் பிள்ளை, நுஃமான் கடைசி. இருவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அண்ணனை 'நானா' என்றுதான் நுஃமான் கூப்பிடுவான். வாப்பா புத்தளத்துக்குப் போன இரண்டாம் வருடமே மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் முஹைதீன். மூட்டை தூக்கினார், சைக்கிளில் சாரம் கட்டி விற்றார், கடைசியில் புத்தளத்தில் ஒரு புடவைக் கடை போட்டார். நடுவில் இருந்த சகோதரிகளைக் கரை சேர்த்ததும் அவர்தான், நுஃமானைக் கத்தாருக்கு ஏற்றிவிட்டதும் அவர்தான். தனக்கென்று ஒரு நல்ல செருப்புக்கூட வாங்காத மனிதர்.

அப்படிப்பட்டவர் ஐம்பது தாண்டியபோது கொழும்பில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். கருநீலம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகக் கிடக்கிற ஜப்பான் கார். ஊரில் சிரித்தார்கள். "இளமையில ஓடாததை இப்ப ஓடிப் பாக்கிறன்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். 2017ஆம் ஆண்டு கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி ஆமினாவோடு எருக்கலம்பிட்டிக்கே குடிவந்தார். பழைய வளவில் புது வீடு. வாசலில் அந்தக் கார்.

வந்த சில நாளிலேயே கார் நுஃமானின் கடை வாசலில் நின்றது.

"டேய், இந்த மஞ்சள் லைட் ஒண்டு கண்ணைக் குத்துது. என்னெண்டு பார்" என்றார் முஹைதீன்.

காற்றுக் குறைந்தால் எரிகிற விளக்கு அது. அந்தக் காரின் டயர்கள் பக்கம் தடித்தவை, காற்றில்லாமலும் கொஞ்சத் தூரம் ஓடும், வெளியிலிருந்து பார்த்தால் சப்பினது தெரியாது. அதனால் ஒவ்வொரு சில்லுக்குள்ளும், வால்வின் அடியில், தீப்பெட்டியளவில் ஒரு சென்சர் வைத்திருப்பார்கள். அது காற்றை அளந்து காருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நுஃமான் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். விளக்கு ஒரு நிமிடம் விட்டு விட்டு மின்னியது, பிறகு நின்று எரிந்தது. மின்னினால் சென்சரில் பிழை. மின்னாமல் எரிந்தால் காற்றில் பிழை. கத்தாரில் முதலில் படித்த பாடம்.

கத்தாரிலிருந்து கொண்டுவந்த கைக்கருவியை ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் பிடித்தான். மூன்று சில்லு பதில் சொன்னது. பின்பக்கத்து இடது சில்லு வாய் திறக்கவில்லை. டயரைக் கழற்றிப் பார்த்தால் வால்வின் திருகாணி உப்புக் காற்றுப் பட்டு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கழற்றுகிற சாவியை வைத்ததும் முறிந்து கையோடு வந்தது. உள்ளே சென்சரின் பற்றரியும் செத்திருந்தது. அந்தப் பற்றரியை மாற்ற வழியில்லை, முழுச் சாமானையும் மாற்ற வேண்டும். கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஆள் பிடித்து ஒன்றை எடுப்பித்துப் போட்டான். விளக்கு அணைந்தது.

"கெட்டிக்காரன்ரா நீ" என்று முஹைதீன் அவன் தலையில் தட்டினார். முப்பத்தேழு வயதில் அந்தத் தட்டு நுஃமானுக்கு இனித்தது.

அடுத்த மாதம் விளக்கு திரும்ப மின்னியது. ஒரே வயதுச் சென்சர்கள்தானே, ஒன்றன் பின் ஒன்றாகச் சாகும் என்று நினைத்து, மிச்ச மூன்றையும் மாற்றினான். கிழமை போகவில்லை, கார் திரும்ப வந்தது. இந்த முறை விளக்கு மின்னவில்லை. எடுத்த எடுப்பிலேயே நின்று எரிந்தது.

காற்றுமானி வைத்துப் பார்த்தான். நாலு டயரிலும் பாதிக் காற்று. நாலிலும் ஒரே அளவு.

அது அவனைக் குழப்பியது. ஆணி குத்தினால் ஒரு டயர் இறங்கும், வால்வு கசிந்தாலும் ஒன்றிரண்டுதான் இறங்கும். நாலும் ஒரே அளவாய் இறங்காது. சில்லுகளைக் கழற்றித் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்றடித்துக் காரை இரண்டு நாள் கடையிலேயே நிறுத்தி வைத்தான். ஊசியளவும் குறையவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாளே முஹைதீன் வந்து நின்றார், முகம் சிவந்து.

"உனக்கு வேலை தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு. எத்தனை தரம் என்னை அலைக்கழிக்கிறாய்? கத்தாருக்கு அனுப்பினது இதுக்குத்தானா?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். முஹைதீன் தம்பியை ஒருபோதும் ஆட்கள் முன்னால் ஏசினதில்லை. நுஃமான் குனிந்து காற்றடித்தான். நானா போன பிறகு வெகுநேரம் பம்பை நிறுத்த மறந்துபோய் நின்றான்.

யாரோ வேண்டுமென்றே காற்றைத் திறந்துவிடுகிறார்கள். அவனுக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. காரில் பொறாமைப்பட்டவர்கள் இருக்கலாம். வளவுத் தகராறு வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அடுத்த நாள் பின்னேரம் விசாரிப்பதற்காக நானாவின் வீட்டுக்குப் போனான். காரும் இல்லை, நானாவும் இல்லை. ஆமினா மட்டும் கதிரையில் இருந்தாள்.

"மதினி, பின்னேரத்தில கார் எங்க நிக்கிறது? ஆரோ காத்தைக் கழட்டி விடுறாங்கள்."

ஆமினா முந்தானையைக் கைக்குள் சுருட்டினாள்.

"அஸர் தொழுதிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவார். பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் வாறது. செருப்பெல்லாம் மணல். எங்க போனீங்க எண்டு கேட்டாக் கோவிக்கிறார்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, உனக்குச் சொல்லேல்ல. கடையை மகன் சும்மா எடுக்கேல்ல. இவர் ஒரே ஆளுக்கு ரெண்டு தரம் துணி வெட்டிக் குடுத்தார், வந்த ஆக்களை மறந்தார். ஊருக்குக் கொண்டு வந்தா மனம் தெளியும் எண்டு நினைச்சன்."

நுஃமான் மோட்டார் சைக்கிளைக் கரைப் பக்கம் திருப்பினான்.

உடைமரங்களுக்கு அப்பால், மணல் தொடங்குகிற இடத்தில் கருநீலக் கார் நின்றது. முஹைதீன் பின் சில்லின் அருகே குந்தியிருந்தார். ஈர்க்குத் துண்டொன்றால் வால்வை அமத்திப் பிடித்திருந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சாரமெல்லாம் மணல்.

"நானா, என்ன செய்யிறீங்க?"

முஹைதீன் தலை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அவசரம் மட்டும் இருந்தது.

"வந்திட்டியா? உம்மா எங்க? உம்மாவை முதல்ல கூட்டிக்கொண்டு வா. மற்றாக்கள் நடந்து வரட்டும்."

உம்மாவைப் புத்தளத்தில் அடக்கிப் பத்து வருடமாயிற்று.

நுஃமானுக்கு எல்லாம் விளங்க ஒரு கணம் பிடித்தது. வாப்பாவிடம் ஒரு பழைய லொறி இருந்தது. கருவாடு ஏற்றக் கரைக்கு இறக்கும்போதெல்லாம் டயர்களில் காற்றைக் குறைத்துவிடுவது முஹைதீனின் வேலை. சப்பின டயர் மணலில் புதையாது. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டுமென்று ஆயுத இயக்கம் கட்டளையிட்டபோது, வள்ளம் வருகிற கரைக்கு நடக்க முடியாத கிழவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்த லொறியில்தான் முஹைதீன் ஏற்றி இறக்கினார். கடைசி நடை முடிந்ததும் இயக்கத்தார் லொறியைப் பறித்து, அதன் திறப்பையும் கையில் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். உம்மாவின் மடியிலிருந்து நுஃமான் பார்த்தது அது. நானா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வள்ளம் காத்து நிக்காது." முஹைதீன் எழும்பிப் போய்க் கார்க் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். அப்படியே நின்றார். திரும்பியபோது முகம் பிள்ளையின் முகம்போல் கலங்கியிருந்தது.

"ரெண்டு பேருக்குத்தானேடா இடமிருக்கு. இவ்வளவு சனத்தையும் நான் எப்படி ஏத்துவன்?"

கரையில் வேறு ஆளில்லை. இரண்டு கழுதைகள் மட்டும் பற்றையோரம் நின்றன.

"ரெண்டு ரெண்டு பேராக் கொண்டு போவம், நானா" என்றான் நுஃமான். "நான் ஓட்டுறன். நீங்க ஏறுங்க."

அவர் மறுக்காமல் ஏறினார். கார் மெல்ல மெல்ல மணலை விட்டு வெளியே வந்தது. தார் ரோட்டில் ஏறிய பிறகு முஹைதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.

"இந்த லைட்டை நீ இன்னும் சரியாக்கேல்லையே" என்றார், பழைய குரலில்.

"இல்லை, நானா. இன்னொருக்காப் பாக்கிறன்."

கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இந்த வயதில் இந்த மறதி வருத்தம் வருவது குறைவு என்றும், வந்தால் திரும்பாது என்றும் டொக்டர் சொன்னார். இனிக் கார் ஓட விட வேண்டாம் என்றார். அதை முஹைதீனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மகன் தொலைபேசியில் அழுதான். ஆமினா கார்த் திறப்பை ஒளித்தாள், அவர் அதைத் தேடி வீட்டைப் புரட்டி எடுத்தார்.

கடைசியில் நுஃமான் ஒரு வேலை செய்தான். முன் சில்லொன்றைக் கழற்றி, தான் புதிதாகப் போட்ட சென்சரை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தான். விளக்கு மின்னத் தொடங்கியது. நானாவைக் கூட்டி வந்து காட்டினான்.

"சாமான் பிழைச்சுப் போச்சு, நானா. கொழும்பால வர வேணும். அதுவரைக்கும் கார் இங்க நிக்கட்டும். ஓடினா ஆபத்து."

முஹைதீன் விளக்கைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்றார். நல்ல சாமானைக் கழற்றிவிட்டு அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்பது, அன்று ஆட்கள் முன்னால் ஏச்சு வாங்கினதைவிட அவனுக்குக் கடினமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவர் கடைக்கு வந்தார். வாங்கில் இருந்து பிளேன்ரீ குடிப்பார். "சாமான் வந்திட்டா?" என்று கேட்பார். "இன்னும் இல்லை, நானா." "கொழும்பான் அப்பிடித்தான்" என்பார். கார் ஓரத்தில் சாக்குப் போர்வைக்குள் நின்றது. அவர் போகும்போது அதன் மேல் ஒருதரம் கை வைத்துவிட்டுப் போவார்.

மழை பிடித்த ஒரு நாள், தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு முஹைதீன் அவனை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் எந்த ஊர், தம்பி?"

தன்னை அவர் 'நீங்கள்' என்று சொல்லி நுஃமான் கேட்டதேயில்லை. "இந்த ஊர்தான், நானா" என்றான்.

"நல்லது. இங்க எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். சின்னப் பொடியன். வள்ளத்தில பயந்து என்ர கையை விடவேயில்லை." அவர் ஒரு வாய் குடித்தார். "எங்க போனானோ தெரியாது."

நுஃமான் பக்கத்தில் போய் இருந்தான். சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். முஹைதீன் அந்நியன் ஒருவனின் அன்பை ஏற்றுக்கொள்வதுபோல் மரியாதையோடு கையை அப்படியே விட்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் படுக்கையில் விழுந்தார். காரைக் கேட்பதும் நின்றுபோயிற்று. மகன் வந்து அதை லொறியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோனான். சில்லொன்றில் சென்சர் இல்லையென்று நுஃமானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முஹைதீன் மௌத்தானார். ஆமினா பக்கத்தில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாள். வாப்பாவும் உம்மாவும் புத்தளத்து மண்ணில் கிடக்க, அந்தக் குடும்பத்தில் எருக்கலம்பிட்டி மையவாடிக்குப் போன முதல் ஆள் நானாதான். நுஃமானே குழிக்குள் இறங்கினான். ஊர் மணல் இலேசானது, வெட்ட வெட்டச் சரிந்துகொண்டு வந்தது. பலகை பிடித்து வெட்டினார்கள்.

மண் போட்டு முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நோன்போடு வெயிலில் அவன் கொஞ்ச நேரம் நின்றான். யாரோ தோளில் தொட்டு, "வாங்கோ, போவம்" என்றார்கள். அவன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.