யானை அச்சுக்குள் என் போன்

எங்கள் ஊரில் போன் தண்ணீரில் விழுந்தால் யாரும் அரிசி டப்பாவைத் தேடி ஓட மாட்டோம். காய்ந்த பொம்மை அச்சு ஒன்றை எடுத்து, இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவில் போனை வைத்து மூடி, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டிவிடுவோம். பீங்கான் பொம்மைக்கான அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. உள்ளே மண் கரைசலை ஊற்றினால் அதிலிருக்கும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடும். அதனால்தான் மண் ஓரமாகப் படிந்து பொம்மையாகிறது. கரைசல் தண்ணீரையே குடிக்கிற அச்சு, போனுக்குள் போன தண்ணீரை விட்டுவிடுமா என்ன? விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்க்கிற வீடுகளில் இந்த வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் காலையில் நானும் அதைத்தான் செய்தேன். கரைசல் டிரம்மைக் குனிந்து கலக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் நழுவி உள்ளே விழுந்தது. கையை விட்டு உடனே எடுத்துவிட்டேன். துடைத்துப் பார்த்தால் உயிரோடுதான் இருந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, முதலில் ஆஃப் பண்ணு என்றார். சொன்னது சரிதான். ஆனால் ஆஃப் பண்ணினால் திரும்ப வருமோ வராதோ என்று பயம். வேறெந்த நாளாக இருந்தாலும் பண்ணியிருப்பேன், அன்றைக்கு முடியாது. அலமாரியில் சும்மா கிடந்த பெரிய யானை அச்சுக்குள் வைத்துக் கட்டிவிட்டு, சுடாத பொம்மைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, எல்லாப் பட்டறைக்கும் பொதுவான சூளைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு என்ன விசேஷம் என்று சொல்ல வேண்டும். சென்னையில் நடக்கிற கைவினைக் கண்காட்சியில் ஸ்டால் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். என் பேரில். எங்கள் பட்டறைக்கு மாமனார் பேர். கரண்டு பில் வீட்டுக்காரர் பேரில் வருகிறது. சூளையில் எங்கள் சரக்குத் தட்டில் சாக்பீஸால் எழுதுவதும் அவர் பேர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஊற்றி, பிசிறு தட்டி, கண் எழுதி அனுப்பிய பொம்மைகள் எந்தெந்த ஊர் கொலுவிலோ உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலும் என் பேர் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. பிள்ளைகளுக்கு அம்மா, நாத்தனாருக்கு அண்ணி, வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா, வீட்டுக்காரருக்கு ‘இந்தா’. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது மட்டும் என் பேர் காதில் விழும், அதுவும் அவசரத்தில் பாதி.

ஸ்டால் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்திருந்தது. ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் போய் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்கிற பக்கம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். திறந்ததும் என் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைப் போட வேண்டும். போடாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற ஆளுக்கு ஸ்டால் போய்விடும். இப்போது புரிகிறதா, நான் ஏன் போனை ஆஃப் பண்ணவில்லை என்று?

சூளையில் வேலை முடிந்து திரும்பி வந்தபோது மணி நாலை நெருங்கியிருந்தது. அலமாரியில் யானை இல்லை. யானை மட்டுமா, அந்த வரிசையே காலியாக இருந்தது.

வீட்டுக்காரர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தங்கச்சி வந்து போனாளாம். நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தது ஸ்ரீமுஷ்ணத்தில். அவளும் வீட்டிலேயே பொம்மை ஊற்றிக் காயவைத்து, சுடுவதற்கு இங்கே கொண்டுவருவாள். திருவிழா சமயத்தில் அச்சு போதாவிட்டால் எங்களிடம் கைமாற்றாக வாங்கிப்போவது வழக்கம். இந்த ஊரில் பட்டறைக்குப் பட்டறை அச்சு இப்படிப் போய் வரும். அவளை மறுநாள்தான் வரச் சொல்லியிருந்தேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் திரும்புகிற மினி வேன் ஒன்று கிடைத்ததும் முந்திக்கொண்டு வந்திருக்கிறாள். அண்ணனும் தங்கச்சியுமாக அத்தனை அச்சையும் வைக்கோல் போட்டு வேனில் அடுக்கிவிட்டார்கள். கட்டிய அச்சை யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள், அவிழ்த்தால் ஓரம் பெயரும். பார்த்துப் பதமாக ஏற்றினேன் என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. போய் என்ன பிரயோஜனம்? கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்கள் தொல்லைக்கு அதை எப்போதும் சைலண்டில்தான் வைத்திருப்பேன். நாத்தனார் நம்பருக்கு அடித்தால் எடுக்கவில்லை. பையோடு போனையும் பின்னால் போட்டிருப்பாள். வேன்காரர் நம்பர் யாரிடமும் இல்லை. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் கரைசலைக் கலக்கி வைத்துவிட்டுத்தான் அச்சு எடுக்கவே வந்திருப்பாள். வேனிலிருந்து இறக்கியதும் மேல் ஓட்டை வழியாக ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். யானை வயிற்றில் என் போன் மண்ணில் முங்கிப்போகும். அப்புறம் ஓடிபி எங்கே வரும்?

வீட்டுக்காரர் பைக்கில் விரட்டிப் பிடிக்கிறேன் என்று சாவியை எடுத்தார். போங்க, ஆனா போனை வெச்சிட்டுப் போங்க என்றேன். போன் இல்லாமல் போனால் எந்த வேன் என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். இரண்டு பேருக்கும் ஒரே போன். நான் கொடுக்கவில்லை. தொலைந்த போன் எங்கே இருக்கிறது என்று இன்னொரு போனில் பார்க்கலாம், அதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது கேட்பது இரண்டே விஷயம். என் மெயில், அதன் பாஸ்வேர்டு.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பாஸ்வேர்டு தெரியாது என்பார்கள். போன் வாங்கிய கடையிலேயே மெயிலும் திறந்து, பாஸ்வேர்டும் அவர்களே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தெருவுக்கே ஒரே பாஸ்வேர்டு இருந்தாலும் ஆச்சரியமில்லை. நான் போன் வாங்கிய அன்றைக்குக் கடைக்காரரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, நானே போட்டுக்கிறேன், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னமோ பெரிய பேங்கு லாக்கர் என்று வீட்டுக்காரரும் கிண்டல் அடித்தார். அந்தப் பாஸ்வேர்டை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஒரு எழுத்துகூடத் தப்பாமல் அடித்தேன். மேப் திறந்தது. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு சின்னப் புள்ளி, அதன் மேல் என் போன் பேர். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அது தள்ளித் தள்ளி நின்றது. முந்திரித் தோப்புகளைத் தாண்டி என் யானை நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அட, ஆமாம் என்றார். சாவியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூல் ஒன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

சைலண்டில் இருந்தாலும் போனைச் சத்தமாக அடிக்கவைக்க அந்த ஆப்பில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினேன். புள்ளி நிற்கவில்லை. ஓடுகிற வேனில், வைக்கோலுக்கு அடியில், கட்டிய அச்சுக்குள் அடிக்கிற மணி முன்னால் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்? ஓய்ந்ததும் திரும்ப அழுத்தினேன். மறுபடியும் போய்க்கொண்டேதான் இருந்தது. புள்ளி ஸ்ரீமுஷ்ணத்தை நெருங்க நெருங்க நான் பட்டனை விடாமல் அழுத்தினேன். சும்மா சும்மா அடிச்சா சார்ஜு தீந்துடும், வண்டி எங்கயாவது நிக்கட்டும் என்றார் வீட்டுக்காரர். நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். காத்திருந்தேன். ஊருக்குச் சற்று முன்னால் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. டீக்கடையாக இருக்க வேண்டும். அழுத்தினேன்.

அங்கே நடந்ததை நாத்தனார் பின்னால் சொன்னாள். டீ கிளாஸை வாயில் வைக்கும்போது வேனுக்குள் மணி அடித்ததாம். வேன்காரர் தன் போனைப் பார்த்தார், கடையில் இருந்தவர்கள் அவரவர் போனைப் பார்த்தார்கள். ஒருவருடையதும் இல்லை. வைக்கோலை விலக்கி ஒவ்வொரு அச்சிலும் காதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். யானை வயிற்றிலிருந்து சத்தம் வருவதைக் கண்டுபிடித்து, டியூபை அவிழ்த்து, அச்சை இரண்டாகப் பிரித்தாள். மண் பூத்த என் போன் உள்ளே கிடந்தது. அந்த நேரம் பார்த்து நான் கூப்பிட, எடுத்துவிட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் வீட்டுக்காரர் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, இப்ப ஒரு நம்பர் வரும், அதைப் படி என்றேன். வந்துடுச்சு என்றாள். படி என்றேன்.

அவள் படிக்கவில்லை.

“யாருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்குது.”

நான்தான் உன் அண்ணி என்றேன். குரலைக்கூட இப்போது மாற்றிப் பேசுகிறார்களாம், அவள் தெருவில் அப்படி ஏமாந்து ஒரு வீட்டில் பணம் போயிற்றாம். உங்க அண்ணன் நம்பர் திரையில் தெரியவில்லையா என்று கேட்டேன். அதையும் மாற்றிக் காட்டுவார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இவள் எனக்கே பாடம் எடுக்கிறாள். வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். திட்டியதை வைத்தாவது நான்தான் என்று நம்பியிருக்கலாம். அவளுக்கு அதுவும் போதவில்லை. கையில் பிரித்து வைத்திருந்த அச்சைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டாள்.

“இந்த யானைக்கு ஒரு காது மட்டும் ஏன் சின்னதா இருக்குது? சொல்லுங்க பாப்பம்.”

அந்த யானை, அவள் கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டில் தன் கையால் மண்ணில் பிடித்தது. அச்சு எடுப்பதற்காகக் காயவைத்திருந்தோம். கோழி ஏறி மிதித்து ஒரு காது நசுங்கிப்போனது. அண்ணன் பார்த்தால் கத்துவார் என்று நாங்கள் இரண்டு பேரும் அவசரமாக ஒட்டிச் சரிசெய்தோம். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

“கோழி மிதிச்சுது” என்றேன்.

பக்கத்தில் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு காதை மடக்கிப் பாட்டுக் கேட்கிற யானை, ஸ்பெஷல் டிசைன் என்று இத்தனை காலமும் கடைக்காரர்களிடம் சொல்லி விற்றவர் அவர்.

“அண்ணிதான்” என்று அங்கே யாரிடமோ சொல்லிவிட்டு நாத்தனார் நம்பரைப் படித்தாள். போட்டேன். அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றியது. கேள்விமேல் கேள்வி கேட்ட கோபம் போய், அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணியே கேட்டாலும் அசையாத நாத்தனார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? என் போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. உறுதியானால் தகவல் அங்கேதான் முதலில் போகும்.

“அண்ணி, வேற ஒண்ணு வந்திருக்குது” என்றாள். படி என்றேன். மெசேஜ் இங்கிலீஷில். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதனால் சத்தமாகப் படிப்பாள். ஸ்டால் உறுதி செய்யப்பட்டது, இன்ன எண், இன்னார் பேரில். அண்ணி என்றே என்னைக் கூப்பிட்டு வந்தவள், அந்த டீக்கடை வாசலில் என் இனிஷியலையும் என் பேரையும் முழுசாகப் படித்தாள். ஸ்பீக்கரில் அது எங்கள் பட்டறை முழுக்கக் கேட்டது. வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும், இங்கே சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தரம் படி என்றேன். அவள் முதலிலிருந்து படித்தாள்.