மிஸஸ் லாம் பாடிய பாட்டு

போன ஞாயிறு காலை. பெல் அடித்தது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு மிஸஸ் லாம். முகத்தில் ஈயாடவில்லை.

“அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லுங்கள், ப்ளீஸ்” என்றார் ஆங்கிலத்தில்.

எந்த வீடியோ?

முதல் நாள் என் மனைவி சாந்தியின் பிறந்தநாள். லண்டன் எட்மண்டனில் எங்கள் ஆட்களின் பார்ட்டி கரோக்கி இல்லாமல் நடக்குமா? ஹொங்கொங்கிலிருந்து வந்து குடியேறிய மிஸஸ் லாமையும் விடவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டே மைக்கைப் பிடித்தவர், கண்ணை மூடித் தன் மொழியான கன்டனீஸில் ஒரு பாட்டை எடுத்துவிட்டார் பாருங்கள்... ஆட்டிறைச்சிக் கறியை மறந்து சனம் கைதட்டியது.

சாந்தியின் தம்பி ரகு அதைப் படம் பிடித்து, சாந்தியையும் டாக் பண்ணி, பேஸ்புக்கில் ஏற்றிவிட்டான். அவித்த புட்டையே பேஸ்புக்கில் போடுகிற ஆட்கள் நாங்கள். பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“காதல் பாட்டுத்தானே?” என்று கேட்டேன்.

காதல் பாட்டுத்தானாம். மழை, பஸ் நிறுத்தம், பிரிந்துபோன காதலி. வரிகளில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதை முதலில் பாடிய ஹொங்கொங் பாடகர் அரசாங்கத்தைப் பற்றி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை — இப்போது அங்கே அவருக்கு மேடை கிடைப்பதில்லை.

“உங்கள் வீட்டுக்குள்தானே என்று பாடிவிட்டேன்” என்றார். அவருடைய அம்மா ஹொங்கொங்கில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வியாழக்கிழமை இவருக்கு பிளைட். “ஒரு பாட்டுக்காக ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா? தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.”

ரகுவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு வால்தம்ஸ்டோவில் வேர்ஹவுஸ் ஷிப்ட்; போன் லொக்கருக்குள். இங்கே லைக் ஏறிக்கொண்டே போகிறது. டொரொண்டோவிலிருக்கும் சித்தப்பா வேறு, ‘எட்மண்டனைக் கலக்கும் சைனீஸ் அக்கா’ என்று எழுதி ஷேர் பண்ணியிருக்கிறார். இடத்தின் பெயரோடு...

ஷிப்ட் முடிய மத்தியானமாகும். மிஸஸ் லாமை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. சமையலறையில் உட்கார வைத்தோம். பயம் வந்தால் சிலர் வாயடைத்துப் போவார்கள், சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர் இரண்டாவது ரகம்.

சீனப் பாப் பாட்டு ஷாங்காய் நடன மண்டபங்களில் தொடங்கியதாம். பிறகு தாய்வான், ஹொங்கொங் என்று பரவியதாம். இவர் சிறுமியாக இருந்தபோது டாக்ஸியிலும் சலூனிலும் கன்டனீஸ் பாட்டுத்தான். அந்த மொழி தெரியாதவர்களும் பாடமாக்கிப் பாடினார்களாம். இப்போது பெரிய ஸ்டேடியங்கள் எல்லாம் சீனாவின் அரச மொழியான மாண்டரினில் பாடுகிறவர்களுக்கு.

“ஒரு காலத்தில் தாய்வான் பாடகி ஒருத்தியின் கசெட்டைச் சீனாவில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்கள். இப்போது நான் லண்டனில் ஜன்னலைச் சாத்துகிறேன்” என்றார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, அந்த வான் ஞாபகம் இருக்கே?”

மறக்க முடியுமா? யாழ்ப்பாணத்தில் ஆமி செக்பொயின்ட் கண்ணில் பட்டதும் வான் டிரைவர் ஓடிக்கொண்டிருந்த இயக்கப் பாட்டுக் கசெட்டைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளுவார். உடனே பக்திப் பாட்டு ஒலிக்கும். நாங்களும் பக்தர்களாகி, மூச்சுக் காட்டாமல் இருப்போம்.

ஒருவழியாக ரகு எடுத்தான். “என்ன அத்தான், இவ்வளவு மிஸ்ட் கோல்? ஆருக்கும் ஏதும்...?”

“வீடியோவை அழி.”

“ஏன் அத்தான், நல்லாப் போகுது...”

“அழியடா எண்டுறன்.”

அழித்தான். சித்தப்பாவின் ஷேரும் அதோடு போனது. ஆனால் யாராவது டவுன்லோட் பண்ணி வைத்திருந்தால்? மூன்று பேருக்கும் அதுதான் நினைப்பு.

வியாழக்கிழமை மிஸஸ் லாம் புறப்பட்டார். வெள்ளி முழுக்க போனைக் கீழே வைக்காமல் திரிந்தோம். விமானம் இறங்கிவிட்டது என்றது இணையம். அவரிடமிருந்து சத்தமே இல்லை. சாந்தி சாப்பிடவில்லை. கடைசியில் மெசேஜ் வந்தது: ‘வெளியே வந்துவிட்டேன். அம்மாவிடம் போகிறேன்.’

சாந்தி அழுதுவிட்டாள். எனக்கும் உயிர் வந்தது — பாதி உயிர். திரும்பி வரும்போதும் அதே ஏர்போர்ட்தானே?

நேற்றுப் பின்னேரம் சாந்தி அந்த வான் பாட்டைத் தேடிப் பிடித்துப் போட்டாள். லண்டன்தானே, நல்ல சத்தமாகவே வைத்தாள். பெல் அடித்தது. நான் எழும்புவதற்குள் அவள் கை சத்தத்தைக் குறைத்துவிட்டது.

வாசலில் பார்சல்காரன்.