தையல்நாயகியின் நெனப்பு அட்டைகள்

பென்சிலின் மரத்தை ஒன்றரை அங்குலத்துக்குச் சீவி எறிந்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரிக்குச்சியை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்க்கிறார் தையல்நாயகி. முனை ஊசியாக வேண்டும். ஆயிற்றா என்று பார்க்க இடது கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு புள்ளி வைப்பார். வெறும் கண்ணுக்குப் புள்ளி தெரிந்தால் மறுபடியும் உப்புத்தாள். பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிந்தால் அன்றைய வேலை தொடங்கும்.

நெல்லித்தோப்பில் ராஜாங்கம் ஸ்டூடியோவின் பின்னறை. ஜன்னலோரம் சாய்வான மரப்பெட்டி. அதன் நடுவில் பால்கண்ணாடி. அடியில் வெளிச்சத்தை மேலே தள்ளும் ஒரு முகக்கண்ணாடி. பால்கண்ணாடியின்மேல் நெகட்டிவை வைத்து, எதிரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு அசையமாட்டார். அம்மைத் தழும்பு, பரு, கண்ணடிக் கருமை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார். டீ குடிப்பதில்லை. "கை ஆடிடுச்சின்னா ஒருத்தர் மூக்கே போயிடும்" என்பார்.

நாற்பத்து மூன்று வயது. மில் தொழிலாளியின் மகள். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறார். பிரிண்டுகளைத் தண்ணீரில் அலசிக் காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தவர், ஸ்டூடியோவில் யாருக்கும் பொறுமை இல்லாததால் நெகட்டிவில் முகத்தைத் திருத்தும் டச்சிங் வேலைக்கு வந்தார். முகங்களை நெகட்டிவிலேயே பார்த்துப் பழகியவர் என்பதால், கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு கணம் விழிப்பார். பிறகு அவர்களுடைய காதைப் பார்த்துவிட்டு, "நீங்களா, வாங்க. ஒங்க காது எனக்குத் தெரியுமே" என்பார்.

டச்சிங்கில் மூன்று வழிகள் உண்டு. பிளேடால் நெகட்டிவைச் சுரண்டுவது, சிவப்புச் சாயம் பூசுவது, பென்சில் போடுவது. பிளேடு வேகம், சாயம் சுலபம். தையல்நாயகி மூன்றையும் ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டுப் பென்சிலைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டேன்.

"சுரண்டுனது சுரண்டுனதுதான், திரும்ப வராது. சாயம் எறங்கிடுச்சின்னா கழுவக் கழுவக் கறை நிக்கும். பென்சில நான் போட்டேன், நானே எடுத்துடலாம். ஒருத்தர் மூஞ்சில கை வைக்கிறவ, வச்ச கைய எடுக்கவும் தெரிஞ்சிருக்கணும்ல."

இந்தத் தேர்வு ஒருநாள் நீதிமன்றம் வரை வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அந்த நீதிமன்றத்தில் தட்டச்சன்; ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் போய் அவரோடு பழக்கம்.

அதற்கு முன் அட்டைகளின் கதையைச் சொல்லவேண்டும். முதலாளி ராஜாங்கத்தின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். அந்த வழக்கத்தில் ராஜாங்கம் நெகட்டிவை 'கிளிஷே' என்பார். இருபது வருடத்துக் கிளிஷேக்கள் பிஸ்கட் டின்களில் தேதி வாரியாகக் கிடந்தன. எழுபத்திரண்டாம் வருடப் புயலில் ஊரில் பாதி வீடுகள் நனைந்தன. சுவரில் மாட்டியிருந்த படங்கள் கூழாயின. தண்ணீர் வடிந்த மறுவாரம் ஸ்டூடியோ வாசலில் கூட்டம். செத்துப்போன அப்பா, கட்டிக்கொடுத்த மகள், ஆறு மாதத்துக் குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் திரும்ப வேண்டியிருந்தது. தேதி யாருக்கும் நினைவில்லை. பில்லும் நனைந்துபோயிருந்தது. நாலில் ஒருவருக்குத்தான் படம் கிடைத்தது.

"மீதிப் பேரு அப்படியே திரும்பிப் போனாங்க. கிளிஷே இங்கதான் இருக்குது, எந்த டின்னுன்னு தெரியல. அத அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் தையல்நாயகி.

அன்றிலிருந்து அவர் வழி தேடத் தொடங்கினார். முதலில் பெயர் வரிசை. ஆறு மாதத்தில் கைவிட்டார். ராமலிங்கம் என்ற பெயரில் மட்டும் முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். பிறகு தெரு வரிசை. ஜனங்கள் வீடு மாறினார்கள். நெல்லித்தோப்பில் படம் எடுத்தவர் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து வந்து கேட்டார். அதுவும் போயிற்று.

ராஜாங்கமும் சும்மா இருக்கவில்லை. இரும்பு அலமாரி விற்கும் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். எழுபத்து நாலில் அவர் டை கட்டிக்கொண்டு வந்து, தொங்கும் கோப்புகளும் அவற்றின்மேல் நிறம் நிறமான பெயர்ச்சீட்டுகளும் வைத்த அலமாரியை முன்னறையில் நிறுத்தி, இருநூறு நெகட்டிவ்களை அரை நாளில் அடுக்கிக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தையல்நாயகி ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாவாடை சட்ட போட்ட சின்னப் பொண்ணு ஒண்ணுங்க. அழுதுகிட்டே இருந்துச்சி, கடைசில பொம்மயக் குடுத்து எடுத்தோம். இந்த எரநூறுலதான் இருக்குது. எடுத்துக் குடுங்க."

"பேர் என்னம்மா?"

"அது தெரிஞ்சா நானே எடுத்துடுவனே."

அவர் இருபது நிமிடம் தேடினார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டார். அலமாரி வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று.

ராஜாங்கத்துக்கு வருத்தம். "அப்ப நீயே ஒண்ணக் கண்டுபுடி" என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்விட்டார்.

தையல்நாயகி கண்டுபிடித்தார். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு இழுப்பறையில் அடுக்கியிருப்பதைப் போய்ப் பார்த்தார். ஒரே புத்தகத்துக்கு எழுதியவர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை. அங்கேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நெகட்டிவ் ஒரே இடத்தில், ஒரே எண்ணோடு கிடக்கட்டும். அதைத் தேடிப் போகும் வழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். படம் ஒட்டும் கெட்டி அட்டையில் வெட்டிப் போட்ட துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அட்டை எழுதினார். பெயருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று. மூன்றாவதற்கு அவர் வைத்த பெயர் நெனப்பு அட்டை.

படம் எடுக்க வருகிறவர்களிடம் பில் எழுதும்போதே கேட்பார்: "வர்ற வழில என்னா நடந்துச்சி?" எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். மழை பிடித்துக்கொண்டது, மாமியார் கோபித்துக்கொண்டார், மாடு முட்ட வந்தது. அதை அப்படியே எழுதி, மழை, சண்டை, அழுகை, கரண்டு போனது, தொலைஞ்சது என்று தலைப்பிட்ட பெட்டிகளில் போடுவார். அட்டையின் பின்பக்கத்தில் அந்த முகத்தில் எதை மூடினார், யார் கேட்டு மூடினார் என்பதும் இருக்கும். பழைய டின்களைப் பிரித்து எண் போட்டு முடிக்க இரண்டு வருடமாயிற்று. ராஜாங்கம் அட்டைக்குப் பிரெஞ்சில் 'ஃபிஷ்' என்று சொல்லப்போக, தெருவில் பலர் ஸ்டூடியோவில் மீன் வளர்ப்பதாக நினைத்திருந்தார்கள்.

எண்பத்தொன்றில் கொளஞ்சி வந்தார். மில்லில் நூல் சுற்றும் வேலை. கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. எழுபத்தேழில் அவரைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிய அரிகிருஷ்ணன் வெளியூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, இந்தப் பெண் யாரென்றே தனக்குத் தெரியாது என்று வக்கீல் நோட்டீஸில் சொல்லிவிட்டான். கோயிலில் பதிவு இல்லை. கூட நின்ற இரண்டு பேரும் அவனுடைய சிநேகிதர்கள்; வாயைத் திறக்க மறுத்தார்கள். படங்களையும் பில்லையும் அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"எந்த மாசம்?" என்று தையல்நாயகி கேட்டார்.

"ஆவணியா, ஐப்பசியான்னே தெரியலக்கா. எம் பேர்லயும் பில்லு போடல. அவுரு சிநேகிதக்காரர் பேர்ல போட்டாங்க. அவுரு பேரும் சரியாத் தெரியாது."

"அன்னைக்கி என்னா நடந்துச்சி? எதாச்சும் சொல்லு."

கொளஞ்சி யோசித்தார். "கோயில்ல என் செருப்பு ஒண்ணு காணாமப் போயிடுச்சி. ஒத்தச் செருப்போட வந்தேன். நீங்ககூட சிரிச்சீங்க."

தையல்நாயகி எழுந்து 'தொலைஞ்சது' பெட்டியை இழுத்தார். மோதிரம், குடை, சைக்கிள் சாவி, மூக்குத்தி என்று தள்ளிக்கொண்டே போய் ஓர் அட்டையில் விரல் நின்றது. 'மணப்பெண். ஒற்றைச் செருப்பு.' கீழே எண். ஐந்து நிமிடத்தில் நெகட்டிவ் பால்கண்ணாடியின்மேல் இருந்தது. மாலையும் கழுத்துமாக இருவர். தாலிக்கயிறு தெளிவாகத் தெரிந்தது. கொளஞ்சி குழந்தையைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டினார்.

தையல்நாயகி மட்டும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு பஞ்சும் ஒரு சின்னக் குப்பி டர்பன்டைனும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

கொளஞ்சி போட்ட வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அரிகிருஷ்ணனின் வக்கீல் கெட்டிக்காரர். படத்தை வாங்கிப் பார்த்தார், சிரித்தார், நீதிபதியிடம் நீட்டினார்.

"என் கட்சிக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே நெற்றியில் இரண்டு அங்குலத்துக்கு வெட்டுத் தழும்பு. இதோ நிற்கிறார், பாருங்கள். படத்தில் இருப்பவர் நெற்றி வழவழ என்று இருக்கிறது. ஜாடை இருக்கலாம். ஆள் வேறு."

நீதிபதி படத்தையும் அரிகிருஷ்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்து தையல்நாயகி கூண்டில் ஏறினார்.

"இந்தப் படத்தில் தழும்பு இல்லையே, பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"பாத்தேங்க. மூடுனவளே நான்தான். மாப்பிள்ள கேட்டாரு, மூடுனேன். அட்டைல எழுதியிருக்குது."

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியென்றால் நீங்கள் படத்தைத் திருத்துகிறவர். முகத்தை மாற்றுகிறவர்."

"ஆமாங்க. இருபது வருசமா அதான் வேல."

"திருத்திய படத்தை நீதிமன்றம் எப்படி நம்பும்?"

தையல்நாயகி நீதிபதியின் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் போட்டது வெறும் பென்சிலு. உத்தரவு குடுத்தீங்கன்னா இங்கியே எடுத்துடறேன். அடியில இருக்கறத நீங்களே பாத்துக்கலாம்."

வக்கீல் ஆட்சேபித்தார். திருத்தியபடி எடுத்த பிரிண்ட் ஏற்கெனவே ஆவணத்தில் சேர்ந்துவிட்டது, நெகட்டிவைத் துடைப்பதால் எதுவும் அழிந்துபோகாது என்று சொல்லி, நீதிபதி இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.

தையல்நாயகி ஜன்னலருகே போனார். பஞ்சைக் குப்பியில் தொட்டு, நெகட்டிவின் நெற்றிப் பகுதியில் வட்டமாக இரண்டு முறை, பிறகு ஈரம் போக உலர்ந்த பஞ்சால் ஒருமுறை துடைத்தார். நாலு வருடத்துக்கு முன் மூன்று மணி நேரம் குனிந்து செய்த வேலை அரை நிமிடத்தில் பஞ்சில் சாம்பல் கறையாக வந்துவிட்டது. நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் நீதிபதியிடம் கொடுத்தார்.

"இதுல கறுப்பு வெள்ளயாத் தெரியும் ஐயா. எடது புருவத்துக்கு மேல பாருங்க."

நீதிபதி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எதிரே நின்ற அரிகிருஷ்ணனின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போயிற்று. நீதிபதி அதையும் பார்த்தார்.

"அந்தத் தழும்பையும் நீங்களே வரைந்திருக்கலாம்" என்றார் வக்கீல். குரலில் பழைய சத்தம் இல்லை.

"வரைஞ்சது தொடச்சாப் போயிடுங்க. இது தொடச்சப்புறம் வருது."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியத்தையும் நீதிபதி ஆங்கிலத்தில் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். என் பத்து வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் அடித்ததில்லை.

அன்று மதியமே ராஜாங்கம் புது பிரிண்ட் போட்டு, ஈரம் காயாமல் தானே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தழும்பு புருவத்திலிருந்து மேலேறி முடியோரம் வரை ஓடியது. மறுநாள், கல்யாணத்தில் உடன் நின்ற சிநேகிதர்களில் ஒருவர் தானாக வந்து உண்மையைச் சொன்னார். இரண்டு வாரத்தில் தீர்ப்பு. கொளஞ்சி அரிகிருஷ்ணனின் மனைவி, குழந்தை அவனுடையது என்று எழுதிய தாளையும் நான்தான் அடித்தேன். மூன்று பிரதிகளிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் கூட்டம். மில்லிலிருந்து கொளஞ்சியோடு வேலை செய்யும் பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி கொளஞ்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள், இன்னொருத்தி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். ராஜாங்கம் எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தாவையே நிறுத்தி வைத்து ஃபிஷ் பெட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொளஞ்சி குழந்தையை இறக்கி விட்டுவிட்டுத் தையல்நாயகியின் காலில் விழப் போனார். தையல்நாயகி அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கீழே உட்கார்ந்து, ஸ்டூடியோவில் படத்துக்கு உட்காரவைப்பதுபோல ஒற்றை விரலைக் குழந்தையின் முகவாய்க்கு அடியில் வைத்து, அந்தச் சின்ன முகத்தை மெல்ல வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.