பட்டுக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கேட்கப் போனோம்

சென்னையில் கோட்டைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனோம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. வேறு எந்த ஊர்க்காரியாவது இப்படிச் செய்வாளா? எங்கள் பக்கத்தில் நல்ல காரியம், பெரிய இடம் என்றால் பெட்டியைத் திறந்து பட்டைத்தான் எடுப்போம். அரசாங்கத்திடம் போய்ப் பள்ளிக்கூடம் கேட்பதும் நல்ல காரியம்தானே என்று நினைத்துவிட்டோம்.

எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம், தாமல் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சின்ன ஊர். பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். சுரங்கப்பாதை எங்கேயோ தள்ளிக் கிடக்கிறது. நடந்து போகிற பிள்ளைகள் நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒரு பெண் லாரியில் அடிபட்டு, காலில் கம்பி வைத்து வீட்டோடு கிடக்கிறாள். அதற்குப் பிறகு எட்டாவது முடித்த பெண்களை யாரும் மேலே அனுப்பவில்லை. சிலர் தறியில் உட்கார்ந்தார்கள், சிலர் வீட்டு வேலை. என் மகள் அப்போது எட்டாவதில் இருந்தாள். அவள் படிப்பை நிறுத்த எனக்கு மனசில்லை, அந்த ரோட்டில் விடவும் மனசில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியை உயர்நிலைப்பள்ளி ஆக்கினால் போதும்.

பெற்றோர்கள் சேர்ந்து என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால்தான் பள்ளியைத் தரம் உயர்த்துவார்கள், அதற்கு முன்பே போய்க் கேட்டுவையுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். பட்ஜெட் போடுவதற்கு முன்னால் பெரிய பெரிய வியாபாரிகளையும் கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்கிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். எங்களை எவன் கூப்பிட்டான்? நாங்களாகத்தான் பஸ் ஏறினோம். நானும், எங்கள் ஊராட்சித் தலைவரும், இன்னும் சில அம்மாக்களும்.

தலைவரும் பெண்தான். காலனியைச் சேர்ந்தவர், தையல் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பட்டு கிடையாது. என் கல்யாணப் புடவையைக் கொடுத்துக் கட்டச் சொன்னேன். நான் கட்டியது எங்கள் தறியில் நெய்து, கரை சரியாகச் சேரவில்லை என்று முதலாளி தள்ளிவிட்ட புடவை. நெய்கிற வீட்டில் பட்டு இருக்கிறதென்றால் பாதி இப்படி வந்ததுதான்.

கோட்டையில் கல்வித்துறை அதிகாரி ஒருவரிடம் எங்களை அனுப்பினார்கள். மரியாதையானவர். உட்காரச் சொன்னார், மனுவைப் படித்தார். கோபம் வருகிற மாதிரி ஒன்றும் செய்யவில்லை, அதுதான் இன்னும் கோபம்.

"பிள்ளைங்க எண்ணிக்கை பத்தலையேம்மா" என்றார். "தூரமும் விதிக்குள்ள வரல. மேப்ல பாருங்க, பக்கத்துலயே ஹைஸ்கூல் இருக்கு."

"மேப்புல லாரி போவுதா சார்?" என்று கேட்டேன்.

சிரித்தார். எங்களை ஒரு முறை வரிசையாகப் பார்த்தார். "காஞ்சிபுரம் பக்கம், எல்லாரும் பட்டுல வந்திருக்கீங்க. உங்களைவிடக் கஷ்டப்படற ஊரெல்லாம் எத்தனையோ இருக்கும்மா."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "இது தள்ளிவிட்ட புடவை சார். அவங்க கட்டினு இருக்கறது என்னுது" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்து அமுக்கினார். பிள்ளைகள் குறைவாம். எட்டாவதோடு நிற்கிற பள்ளியில் எவன் பிள்ளையைச் சேர்ப்பான்? வசதி உள்ளவன் முதலிலேயே டவுன் பள்ளிக்கு வேனில் அனுப்பிவிடுகிறான். பெரிய ஊருக்குப் பெரிய பள்ளி, சின்ன ஊருக்கு நாமம். இதற்குப் பெயர் விதி!

நாங்கள் எழுந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என் பொண்ணுக்கு வைகாசில கல்யாணம். நேரா தறியிலயே புடவை வாங்கலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் தலைவர், "தாராளமா வாங்க சார், அக்கா வீட்டுக்கே வாங்க" என்று வழி சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "நம்ம வயித்துல அடிச்சிட்டு புடவை கேக்கறான், நீ வழி சொல்லிக்கினு இருக்கியே. நான்தான் எல்லாரையும் பட்டு கட்டச் சொன்னேன், என் புத்திய சொல்லணும்."

"பழம்புடவை கட்டினு போயிருந்தா மட்டும் குடுத்திருப்பாங்களாக்கா? வாசல்லயே நிக்க வெச்சிருப்பாங்க" என்றார் அவர். "வரட்டும். வந்து பாக்கட்டும்."

சட்டசபையில் பள்ளிகளை அறிவித்த அன்று தறியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் ஊர் வரவில்லை. மகள் எழுந்து போய் அப்பாவுக்கு நூல் சுற்ற உட்கார்ந்தாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி நிஜமாகவே வந்தார், மனைவியோடும் கல்யாணப் பெண்ணோடும். காரை விட்டு இறங்கும்போதே சலித்துக்கொண்டார்.

"என்னம்மா உங்க ஊரு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. எங்கயோ போய்த் திரும்பி வர்றோம்."

என் வீட்டுக்காரர் மோர் கொண்டுவந்தார். அந்தப் பெண் அரக்குப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். நல்ல பெண், என் மகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். என் மகள் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"புடவை எங்கயும் போவாது சார். கொஞ்சம் எங்கூட வாங்க, ஹைஸ்கூல காட்டறேன்" என்றேன். வீட்டுக்காரர் கண்ணால் வேண்டாம் என்றார். வியாபாரம் போய்விடும் என்று அவருக்குப் பயம். போகட்டும் என்று இருந்தது எனக்கு.

அதிகாரியும் அவர் பெண்ணும் வந்தார்கள். என் மகளும் வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். எதிர்ப்பக்கம் பள்ளியின் மஞ்சள் சுவர் நன்றாகத் தெரிந்தது.

"மேப்புல பாத்தது இதான் சார். பக்கம்தான். தாண்டலாம் வாங்க."

ஒரு அடி எடுத்துவைத்தார். கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவர் சட்டை படபடத்தது. பின்னால் வந்துவிட்டார். மறுபடி பார்த்தார். பஸ், லாரி, கார், விட்ட பாடில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் பெண் அவர் முழங்கையைப் பிடித்து, "வேணாம்பா, போலாம்" என்றாள்.

"வேணாம்மா" என்றார் என்னிடம். "அடுத்த பட்ஜெட்ல கண்டிப்பா பாக்கலாம்."

தன் மகளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். என் மகள் அங்கேயே நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும்.