கோயிலில் கட்டிய தாலிக்குச் சட்டத்தில் இடமில்லையாம்!

போன சனிக்கிழமை கீழ்வீட்டுக் கமலம் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். "அக்கா, ஊர்லேருந்து அடுத்த கப்பல்ல பொண்ணு வருதாம்!"

எந்தப் பெண்? அவள் கணவர் ராமையாவுக்கு இரண்டாந்தாரமாக வரப்போகிறவள்! கமலத்துக்கு இரண்டும் பெண் குழந்தைகள். ஆண் வாரிசு வேண்டுமாம். ஏற்பாடு, சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராமையாவின் அண்ணன்.

"ஒருத்தனுக்கு ஒருத்திதான்னு போன வருஷம் சட்டம் வந்துச்சே?" என்றேன்.

"கேட்டேன்க்கா. அது ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தானாம். நம்மளது கோயில் கல்யாணம். கவர்மெண்டுக்கு நான் பொண்டாட்டியே இல்லையாம்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரைக் கூட்டி, மேளம் கொட்டி, மூன்று முடிச்சும் போடுவார்கள். கழற்றிவிட நினைக்கும்போது மட்டும் ரெஜிஸ்டர் எங்கே என்பார்கள். என்ன நியாயம் இது? ஆனால் கோபம் இருந்த அளவுக்கு என்னிடம் விவரம் இல்லை. வக்கீலிடம் போகக் கமலத்துக்கு வசதியில்லை.

பஸ் பிடித்து ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில் இருக்கும் நூலகத்துக்குப் போனோம்.

"கதை படிக்கிறவங்க போற எடம்தானேக்கா?"

நானும் அதுவரை கதைப் புத்தகத்துக்கு மட்டுமே போனவள்தான்!

விசாரணை மேசையில் ஒரு சீனப் பெண்மணி. நான் ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவதற்குள், கமலம் சந்தையில் பழகிய பசார் மலாயில் தன் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். மாதர் சாசனம் என்ற அந்தப் புதுச் சட்டம் அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அர்த்தம் சொல்ல அவருக்கு அதிகாரமில்லையாம். வீட்டுக்கும் தர முடியாதாம். ஆனால் உட்கார்ந்து படிக்கலாம், எழுதிக்கொள்ளலாம் - யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சட்ட ஆங்கிலம் இருக்கிறதே... ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கிடைத்தது! சாசனத்துக்கு முன்பு அவரவர் மத வழக்கப்படி நடந்த கல்யாணமும் பதிவானதாகவே கொள்ளப்படும். அது இருக்கும்வரை இன்னொரு கல்யாணம் செல்லாது, செய்துகொண்டால் குற்றம்.

கமலம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் படித்த ஆரம்பப் பள்ளி ஆங்கிலத்தில், அந்தப் பிரிவுகளை எழுத்தெழுத்தாகத் தானே பார்த்து எழுதினாள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்குப் பேனாவைத் தர மறுத்துவிட்டாள்.

மறுநாள் மளிகைக்கடையின் பின்கட்டில் பஞ்சாயத்து. ராமையா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கமலம் எழுதியதைத் திக்கித் திக்கி வாசித்தாள். நான் தமிழில் சொன்னேன். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னும் இல்லை," என்றார் ராமையாவின் அண்ணன்.

"அப்ப வேணாம்னு தந்தி குடுத்துடு லா. ஜெயிலுக்குப் போக யாரு ரெடி?"

ராமையா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நானே குடுத்துடுறேன்." இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கும்.

அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. "யாரோ சொல்லிக் குடுத்ததை எழுதிக்கிட்டு வந்து படிக்கிறா! பொம்பளைக்கு லைப்ரரியில என்ன வேலை?"

கமலம் எழுந்து நின்றாள்.

"நம்பலைன்னா நீங்களே போய்ப் படிங்க மாமா. பொம்பளை என்னையே உள்ள விட்டாங்க... உங்களை விட மாட்டாங்களா?"