நான் எழுதிய வெறுங்காணி

என் உத்தியோக காலத்தில் எழுதிய ஆயிரம் சொற்களில் ஒன்றுக்காக மட்டும் இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. ‘வெறுங்காணி’ என்பது அந்தச் சொல்.

சண்டைக் காலம். வாவிக்கு இக்கரையில், புளியந்தீவில் ஒரு காணிக் கந்தோரில் வெளிக்கள உத்தியோகத்தன் நான். அக்கரையில் வெல்லாவெளிப் பக்கத்துக் காணிகளைப் பார்த்துப் படிவம் நிரப்பி வரச் சொன்னார்கள். நான் போனது மாரியில். றோட்டில் நின்றபடியே பார்த்தேன், எங்கும் தண்ணீர். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: நெல் விளைந்தால் வட்டை, இல்லாவிட்டால் வெறுங்காணி. நெல்லைக் காணவில்லை. வெறுங்காணி என்று எழுதிவிட்டு வந்தேன்.

கோடை பிறந்ததும் அந்தக் காணியை உழுது மரமுந்திரி நடக் கட்டளை வந்தது. பின்னாலேயே வயிரமுத்து அண்ணனும் வந்தார். அங்கே மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். ஓடம் ஏறி, இரண்டு செக்பொயின்ற் தாண்டி வந்தவர் சத்தம் போடவில்லை, கேட்டார்.

“வெறுங்காணி எண்டா எழுதினீங்க, சேர்? மறுகா என்ட மாடு என்னத்தத் திண்டு பால் தருது?”

மறுநாள் அவரோடு போனேன். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் அறுகு. மேட்டில் நெருஞ்சி மஞ்சளாய்ப் பூத்துச் சூரியனைப் பார்த்திருந்தது. இடையிடையே விஷ்ணுகிராந்தி, அப்படி ஒரு நீலம். அப்பால் இடுப்பளவு இலுக்குப் புல், வெள்ளைப் பூவோடு காற்றில் சாய்ந்து எழும்பியது. யாரும் ஒரு விதை விதைக்கவில்லை. நெருஞ்சி முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. எனக்கு நன்றாக வேண்டும்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிடுங்கிக் கோப்புக்குள் வைத்தேன். செக்பொயின்றில் ஆமிக்காரன் கோப்பைத் திறந்தான், பூக்களைப் பார்த்தான், உதிராமல் மூடித் தந்தான். எங்கள் மேலதிகாரியோ அதைத் தலைகீழாய்ப் பிடித்து உதறினார்.

“புல்லுத்தானே ஐசே. சண்டைக்குள்ள ஆர் பூப் பாக்கப் போறது?”

விழுந்த பூக்களைப் பொறுக்கும்போதே எரிச்சல் வந்தது. ஒருநாளாவது வாவியைக் கடந்து போயிருப்பாரா அந்த மனிதர்? நான் திருத்தி எழுதிய படிவத்தில் அவர் கையெழுத்தே வைக்கவில்லை. அவர் கதிரையோடு இருந்தார், நான் றோட்டோடு நின்றேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்பது இன்னொரு எரிச்சல்.

உழுதார்கள், நட்டார்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அந்த வழியால் ஒருவரும் போகவில்லை. அடுத்த கோடையில் நான் போனபோது கன்றுகள் கருகிக் கிடந்தன. புல்லும் இல்லை, பூவும் இல்லை. வயிரமுத்து அண்ணன் மாடுகளை விற்றுவிட்டார். நான் எழுதிய சொல் அப்போதுதான் உண்மையாயிற்று.

இன்று படிவம் நிரப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: றோட்டை விட்டு இறங்குங்கள். நெருஞ்சி காலில் குத்தும்வரை நடந்துவிட்டு எழுதுங்கள்.